முக்கோணக் காது எலிகளும் என் அண்ணி ஆர்வில்லாவும்

நான் சொல்லப்போவது அப்பட்டமான உண்மை, ஒரு மயிரிழை பிசகினாலும் இந்த அடுப்பில் கையை வைக்கிறேன் என்று ஆரம்பித்தேன்.

"வைக்காத வில்லிஸ். அடுப்பு அணைஞ்சிடும்" என்றான் கேலன் க்ரௌலி.

சரி, அவன் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. நான் கதை சொன்னால் அது தண்ணீரில் கிடந்த பலகை மாதிரி ஊதிக்கொள்ளும். அலை ஆறடி எழும்பினால் அறுபதடி என்பேன். கூடப் படகில் இருந்தவனே அதைக் கேட்டுவிட்டு, நாம் எப்படிப் பிழைத்தோம் என்று நடுங்குவான். ஆனால் என் அண்ணி ஆர்வில்லா பீல் விஷயத்தில் ரொம்ப இழுக்க வேண்டியதில்லை. கடவுளே அவளைக் கொஞ்சம் இழுத்துத்தான் செய்திருந்தார்.

ஜனவரி மாதம். படகுகளெல்லாம் கரையேறிவிட்டன. என் இரைக் கொட்டகையில் சிங்கி இறால் பிடிக்கிற கூடுகளைப் பழுது பார்த்துக்கொண்டு மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். நான், கேலன், அப்புறம் தபால்காரி நெட்டி ட்ரண்டி. நெட்டி ஒரு வாய் காபிக்கென்று உள்ளே வருவாள். அவள் வெளியே போவதற்குள் எங்கள் ஊர் பன்கர் துறையில் பாதிப் பேருக்குக் கடிதம் பழசாகிவிடும். இவர்கள் இரண்டு பேருடைய அம்மாக்களும் ஒரு காலத்தில் மேட்டுமேலிருந்த எலிவீட்டில், அதாவது ஆராய்ச்சிக்கு எலி வளர்க்கிற இடத்தில், வேலை பார்த்தவர்கள். நானும்தான். கொதிகலனுக்குக் கரி தள்ளுவது, எலிக்கூண்டுகளை நீராவியில் வேகவைப்பது என் வேலை. என் அண்ணி அங்கே நாலாம் அடுக்கைப் பார்த்துக்கொண்டாள்.

முதலில் அவளுடைய கோபத்தைச் சொல்ல வேண்டும். ஒரு தடவை என் அண்ணன் எல்டன் சேற்று பூட்ஸோடு அடுப்படிக்குள் வந்துவிட்டான். அவள் போட்ட சத்தத்தில் துறைமுகத்து நீர்க்காகங்கள் கிளம்பிப் போய்க் கனடாவில் குடியேறிவிட்டன. பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு மத்தி மீன் டப்பா போடும் தொழிற்சாலைக்குப் போனவள். அங்கே கத்தரிக்கோலால் தலையையும் வாலையும் நறுக்கி அடுக்க வேண்டும். மற்றவள் ஒரு மீனை நறுக்குவதற்குள் இவள் ஒரு டப்பாவை மூடிவிடுவாள். இந்தக் கடலில் மத்தி குறைந்துபோனதற்கு அரசாங்கம் என்னென்னவோ காரணம் சொல்கிறது. எனக்குத் தெரியும், என் அண்ணிதான்.

ஆனால் அந்தக் கோபத்துக்கு வேர் ஒன்று இருந்தது. அவளுக்கு ஒன்பது வயசு இருக்கும்போது வீட்டில் காசநோய் வந்தது. அவளும் அண்ணன்மார் இரண்டு பேரும் ஒரே கட்டிலில், ஒரே போர்வைக்குள் படுத்தவர்கள். ஏசா செத்துப்போனான். லோவெல் ஒற்றை நுரையீரலோடு தப்பித்தான். இவளுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. வட்டத்து நர்ஸ் வந்து கதவில் 'நோய் வீடு, உள்ளே வராதே' என்று ஒரு அட்டையை ஆணியடித்துவிட்டு, தெருவில் நாலு பேர் கேட்க, "அழுக்கு வீடு, வேறென்ன?" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்கப்புறம் இவள் அம்மா பதினாறு வருஷம் உயிரோடு இருந்தாள். அந்தப் பதினாறு வருஷமும் தரையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் பலகை தேய்ந்து, வீட்டுக்குக் கீழே ஓடுகிற அணில்கள் தெரிந்தன.

"அழுக்குன்னா நான்தானடா மொதல்ல போயிருக்கணும்? மூணு பேர்ல குளிக்காதவ நான்தான்" என்று அண்ணி என்னிடம் கேட்பாள். நானா பதில் சொல்வேன்? நான் கரி தள்ளுகிறவன்.

எலிவீட்டுக்கு அவள் வந்தது தொழிற்சாலை மூடின வருஷம். எங்கள் ஊர்ப் பெண்கள் ஆறு பேர் அங்கே வேலை பார்த்தார்கள். ஆறு பேரும் சிங்கி இறால்காரர்களின் மனைவிகள். ஒவ்வோர் அடுக்கிலும் ஒரே குடும்பத்து எலிகள். அண்ணனும் தங்கையும் சேர்ந்து, சேர்ந்து, கடைசியில் எல்லா எலிக்கும் ஒரே ரத்தம், ஒரே முகம். நாலாம் அடுக்கு பழுப்பு எலிகள். பதினோரு வருஷம் அவள் அவற்றுக்குத் தீனி வைத்தாள், படுக்கை மாற்றினாள், குட்டி கணக்கெடுத்தாள்.

அந்த அடுக்கு டாக்டர் லாத்ராப்புடையது. பெரிய ஊரிலிருந்து வந்த மனுஷன். பதினோரு வருஷமாகியும் அவருக்கு என் அண்ணியின் பெயர் தெரியாது. "நாலாம் அடுக்கு, இங்க வாம்மா" என்றுதான் கூப்பிடுவார். என்னை அவர் கூப்பிட்டதே இல்லை. நான் கொதிகலனின் ஒரு பாகம் என்று நினைத்திருக்க வேண்டும்.

குடலில் இருக்கிற ஒரு கிருமியைக் கொன்று, அதிலிருந்து ஒரு விஷத்தை எடுத்து எலிகளுக்கு ஊசி போடுவார். சாயங்காலம் போட்டால் காலையில் எல்லாம் மயிரைச் சிலிர்த்துக்கொண்டு சுருண்டு கிடக்கும். தப்பிக் கிடக்கிற ஒன்றிரண்டை வெள்ளிக்கிழமை ஜாடிக்குள் போட்டு மூச்சை நிறுத்த வேண்டும் என்பது விதி.

ஒரு நாள் காலை பத்து எலியில் மூன்று எலிகள் எழுந்து உட்கார்ந்து மூஞ்சியைத் துடைத்துக்கொண்டிருந்தன. ஒரே ஈற்றுக் குட்டிகள்.

"ஊசி போடாம விட்டிருப்பாங்க" என்றேன் நான்.

"நான்தான்டா பிடிச்சுக் குடுத்தேன். பத்துக்கும் போட்டாரு" என்றாள் அண்ணி. அந்த மூன்றையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரே கூண்டு, ஒரே தீனி, ஒரே ஊசி.

வெள்ளிக்கிழமை வந்தது. அவளால் ஜாடியைத் திறக்க முடியவில்லை. மத்தி நறுக்குகிற கத்தரிக்கோல் எப்போதும் அவள் பையில் இருக்கும். எடுத்து, மூன்று எலியின் காதிலும் சின்னதாக ஒரு முக்கோணம் வெட்டி, திரும்பவும் அடுக்கில் விட்டுவிட்டாள்.

இது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. எங்கள் கடலில் சினை வைத்த சிங்கி இறால் கூட்டில் ஏறினால், அதன் வாலில் ஒரு முக்கோணம் வெட்டிக் கடலில் விட்டுவிட வேண்டும். அப்புறம் அது யார் கூட்டில் ஏறினாலும், சினை இருந்தாலும் இல்லாவிட்டாலும், எடுக்கக் கூடாது. எடுத்து விற்றவன் சவப்பெட்டியைத் தூக்க நாலு பேர் கிடைக்க மாட்டார்கள். இது எங்கள் கையிலேயே ஊறின விஷயம்.

அதனால் மற்ற ஐந்து பெண்களும் முக்கோணக் காதைப் பார்த்தார்கள், திரும்ப வைத்தார்கள். ஒருத்திகூட ஏன் என்று கேட்கவில்லை. அண்ணி லீவு போட்ட நாளிலும் அவை ஜாடிக்குப் போகவில்லை. குட்டி போட்டன. ஊசிக்குத் தப்பித்த குட்டிகளுக்கும் முக்கோணம் விழுந்தது. அவை பெரியதாகித் தாங்களும் குட்டி போட்டன. ஒன்றரை வருஷத்தில் நாலாம் அடுக்கு முழுக்க முக்கோணம்தான். டாக்டர் லாத்ராப் கூண்டில் எழுதின எண்களைப் பார்க்கிறவர். காதைப் பார்க்கிறவர் அல்ல.

"எங்கம்மாவும் அப்பிடித்தான் பண்ணாங்களா?" என்று நெட்டி கேட்டாள்.

"உங்கம்மாதான் மொத ஆளு. ஒரு எலி தப்பி ஓடினப்ப துடைப்பத்த ஓங்கிட்டு, காதப் பாத்ததும் துடைப்பத்தக் கீழ போட்டு மன்னிப்புக் கேட்டாங்க."

"எலிகிட்டயா?"

"எலிகிட்டதான்."

அறுபத்து மூணாம் வருஷம் மார்ச் மாதம் டாக்டர் லாத்ராப் பெரிய ஊசித் திருவிழா ஒன்று வைத்தார். நாற்பது பழுப்பு எலிகள். வெளியூரிலிருந்து கோட்டுப் போட்ட நாலு பேர் பார்க்க வந்திருந்தார்கள். சாயங்காலம் ஊசி. காலையில் திரையை விலக்கினால் நாற்பதும் தீனி கேட்டுக் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தன. ஒன்று குட்டி போட்டுக்கொண்டிருந்தது. கோட்டுக்காரர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். அதுதான் வினை.

டாக்டர் நேராக என் அண்ணியிடம் வந்தார். "இங்க பாரும்மா, கூண்டுகளைக் கலந்துட்டீங்க. வெளியிலேருந்து வீட்டெலி ஏதோ உள்ள பூந்திருக்கு. சுத்தமா வெச்சுக்கணும்னு எத்தனை தடவை சொல்லியாச்சு. அழுக்கா வேலை செஞ்சா இப்பிடித்தான் ஆகும்."

வேறு எந்த வார்த்தையைச் சொல்லியிருந்தாலும் அந்த மனுஷன் தப்பித்திருப்பார். அண்ணியின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். என் கொதிகலன்கூடக் கொஞ்சம் பின்வாங்கியது. ஆனால் அவள் கத்தவில்லை. கத்தாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"என் அடுக்குல வெளி ரத்தம் ஒரு சொட்டு கிடையாது" என்றாள். "காதுல வெட்டினது நான். ஜாடியில போடாம விட்டது நான். அது தப்புன்னா தப்பு. ஆனா கலக்கல. அந்த எலிங்க பொறந்ததே அப்பிடி."

"பிறக்கிறதாவது. முப்பது தலைமுறையா ஒரே எலிம்மா அது."

"அப்ப முப்பத்தோராவது தலைமுறையில மாறிடுச்சு."

டாக்டர் கோட்டுக்காரர்களைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் கையிலிருக்கிற சுத்தியல் தானாக இறுகுகிறது.

அடுத்த நாள் ஒரு தாள் வந்தது. நாலாம் அடுக்கில் ஆர்வில்லா பீலின் கவனக்குறைவால் கூண்டுகள் கலந்துவிட்டதை நாங்கள் அறிவோம் என்று தட்டச்சு செய்திருந்தது. கீழே கையெழுத்துப் போட வரிசையாகக் கோடுகள். போடுகிறவர்களுக்கு வேலை இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. தொழிற்சாலை மூடின ஊர்.

ஐந்து பெண்களும் போட்டார்கள். நானும் போட்டேன். இதில் இழுப்பும் இல்லை, சுருக்கமும் இல்லை. என் சொந்த அண்ணியின் பெயருக்குக் கீழே என் கையால் வில்லிஸ் பீல் என்று எழுதினேன். அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டு வழியாகப் போகாமல் சகதியில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

விஷயம் எப்படியோ அவளுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் கொதிகலன் அறைக்கு வந்தாள்.

"நீயுமாடா?"

"அண்ணி, எனக்கு மூணு புள்ளைங்க..."

"எனக்குப் புள்ளைங்க எண்ணத் தெரியும். கூண்டு கலந்தத நீ பாத்தியா?"

"இல்ல."

"பாக்காததுக்கு எதுக்குடா கையெழுத்து?"

வாயில் ஆயிரம் ஜோக் வைத்திருக்கிறவன் நான். அன்றைக்கு மண்வாரியை எடுத்து, ஏற்கெனவே நிறைந்திருந்த கொதிகலனுக்கே திரும்பவும் கரி தள்ளினேன்.

அண்ணன் எல்டன் அவளிடம், "விட்டுடுடி, ஏப்ரல்ல என்கூடப் படகுக்கு வந்துடு" என்றிருக்கிறான். "படகுக்கு வர்றேன். அழுக்குக்காரி பட்டத்தோட வர மாட்டேன்" என்றாளாம். பிறகு எலிவீட்டின் டைரக்டர் அறைக் கதவைத் தட்டாமலே திறந்துகொண்டு போனாள். டைரக்டர் மிஸ்டர் பென்ஹேலோ கிழவர், சாது. அவருடைய சுருட்டு அந்த அதிர்ச்சியில் தானாகப் பற்றிக்கொண்டது என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பியவன் நான்தான்.

"தோல் வெச்சுப் பாருங்க" என்றாள் அண்ணி.

அது எலிவீட்டுக்காரர்களுக்குத் தெரிந்த வேலை. ஓர் எலியின் முதுகிலிருந்து சட்டைப் பித்தான் அளவு தோலை எடுத்து இன்னோர் எலியின் முதுகில் ஒட்ட வேண்டும். ஒரே ரத்தமென்றால் தோல் பிடித்துக்கொண்டு மயிர் முளைக்கும். வேற்று ரத்தமென்றால் உடம்பே அதை அடையாளம் கண்டு, கருக்கி, பத்துப் பன்னிரண்டு நாளில் உதறிவிடும். உடம்பிடம் பொய் சொல்ல முடியாது. வருஷத்துக்கு நாலு தடவை அந்தத் தோலை ஒட்டுகிறவர்களில் அண்ணியும் ஒருத்தி. டாக்டர் லாத்ராப் ஒட்டினதே இல்லை.

"என் அடுக்கோட மொத எலிங்க வந்த, பூட்டி வெச்சிருக்கிற தாய் அறையிலேருந்து பழைய பழுப்பு எலி பத்து எடுங்க. என் அடுக்குலேருந்து பத்து. மாத்தி மாத்தி ஒட்டுங்க. கூடவே ஒவ்வொண்ணுலயும் ஒரு வெள்ள எலித் தோலும் ஒட்டுங்க, அது விழணும். நான் தொட மாட்டேன். சாவி நீங்களே வெச்சுக்குங்க. பழுப்புத் தோல் ஒண்ணு விழுந்தாலும் நான் போயிடறேன்."

"விழலன்னா?"

"அந்தத் தாள் எனக்கு வேணும்."

டாக்டர் லாத்ராப் அதற்குள் வந்துவிட்டார். "ஒரு கூண்டு கழுவுற அம்மா சொல்றதுக்காக மூணு வாரம் வேலையை நிறுத்தணுமா?" என்றார்.

"பதினோரு வருஷம் உங்க எலிப் பீயை அள்ளினவ. மூணு வாரம் நீங்க பொறுத்துக்கலாம்" என்றாள் அண்ணி.

அந்த மூன்று வாரமும் நான் தூங்கவில்லை. என் அண்ணி வீட்டு வாசல் பக்கம் யாரும் போகவில்லை. கடையில் அவள் நுழைந்தால் எல்லாருக்கும் திடீரென்று உப்பு, சர்க்கரை விலையைப் படிக்க வேண்டியிருந்தது. தேவாலயத்தில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் அவள் மட்டும்தான். 'அழுக்குக்காரி' என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் அவள் அம்மா மாதிரி அவளும் தரையைத் தேய்க்கிறாளா என்று ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். அவள் தேய்க்கவில்லை. வேண்டுமென்றே சேற்று பூட்ஸோடு நடந்தாள் என்று எல்டன் சொன்னான்.

பன்னிரண்டாம் நாள் வெள்ளை எலித் தோல்களெல்லாம் கறுத்து விழுந்தன. பழுப்புத் தோல் இருபதில் ஒன்றுகூட அசையவில்லை. இருபத்தோராம் நாள் இருபதிலும் பழுப்பு மயிர் முளைத்து நின்றது. முக்கோணக் காதும் முழுக் காதும் ஒரே ரத்தம்தான். விதை அளவு ஏதோ ஒன்று மட்டும் உள்ளே மாறியிருக்கிறது. அது அந்த விஷத்தை எலிக்குத் தெரியாமல் செய்துவிட்டது.

டாக்டர் லாத்ராப் மன்னிப்புக் கேட்டாரா? அவர் வாய் அந்த வேலைக்குச் செய்தது அல்ல. ஓடிப்போய் முக்கோணக் காது எலிகளில் முப்பதை எடுத்து, இந்தத் தடவை செத்த கிருமியின் விஷம் இல்லாமல், உயிருள்ள கிருமியையே கொஞ்சம் கொடுத்தார். பழைய எலிகள் அதைத் தாங்கிக்கொண்டன. அண்ணியின் எலிகள் நாலு நாளில் முப்பதும் செத்துவிட்டன.

அவர் அதை அவளிடம் வந்து சொன்னபோது நானும் அங்கேதான் நின்றேன். ஏதோ ஜெயித்த மாதிரி சொன்னார். "உங்க பலசாலிகள் எல்லாம் போயாச்சும்மா."

பிறகு டைரக்டர் கிழவர்தான் எங்களுக்குப் புரியும்படி சொன்னார். உடம்புக்குள் ஒரு தீயணைப்புச் சங்கு இருக்கிறது. கிருமியின் வாசனை பட்டதும் அது ஊதும். வெறும் விஷத்தைக் கொட்டினால் சங்கு விடாமல் ஊதி, ஊரே அலறி ஓடி, நெரிசலில் மிதிபட்டுச் சாகிறது. பழைய எலிகள் சாவது அப்படித்தான். முக்கோணக் காது எலிகளுக்குப் பிறவியிலேயே சங்கு ஊமை. நெரிசல் இல்லை, சாவு இல்லை. ஆனால் நிஜமாகவே தீப்பிடித்தாலும் அவை குறட்டை விட்டுத் தூங்கும்.

அண்ணி டாக்டரிடம் என்ன சொன்னாள் தெரியுமா?

"பலசாலின்னு நான் எப்பங்க சொன்னேன்? பொறந்ததே அப்பிடின்னு சொன்னேன். அது உண்மைன்னு காட்ட முப்பதக் கொன்னுட்டு வந்து சிரிக்கிறீங்க. எங்க ஏசா செத்ததும் அழுக்குனால இல்ல. அது அவனுக்குள்ளேயே இருந்திருக்கு. எங்கம்மா பதினாறு வருஷம் தரையத் தேச்சாங்க. ஒரு சின்ன அட்டையில நாலு வார்த்த எழுதி ஆணி அடிச்சிட்டுப் போயிடறீங்க எல்லாரும்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஏசா யாரென்று அவருக்கு எப்படித் தெரியும்? "சரிம்மா, நாலாம் அடுக்கு" என்றார்.

"என் பேரு ஆர்வில்லா பீல். சொல்லுங்க."

டைரக்டர் கிழவர், "சொல்லுங்க லாத்ராப்" என்றார். சொன்னார். மீன் முள் தொண்டையில் சிக்கினவன்கூட அதைவிடத் தெளிவாகச் சொல்லியிருப்பான்.

அவள் கேட்டது அந்தத் தாளை. டைரக்டர் எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு நேராகத் தீனி அறைக்கு வந்தாள். பத்து மணிக் காபி நேரம். ஐந்து பெண்களும் நானும் இருந்தோம். தாளிலிருந்த ஆறு பெயரையும் ஒவ்வொன்றாக, நிறுத்தி, நிமிர்ந்து முகத்தைப் பார்த்துப் படித்தாள். தாளை மடித்துப் பையில் போட்டாள். மறுநாள் காலை வழக்கம்போல நாலாம் அடுக்குக்குத் தீனி வைக்க வந்தாள். இன்னும் பத்தொன்பது வருஷம் வந்தாள். என்னோடு பேசினாள், சாப்பாடு போட்டாள். அந்தத் தாளை மட்டும் கிழிக்கவில்லை. அவளுக்கு எண்பத்தைந்து வயசாகிறது, தாள் இன்னும் அவள் வீட்டில்தான் இருக்கிறது.

இதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நெட்டிதான் விடவில்லை.

"மொத பேரு யாரோடது?" என்றாள்.

"அதெல்லாம் எதுக்கு இப்ப?"

"சும்மா சொல்லு. மொதல்ல யாரு போட்டா?"

கேலன் தலை நிமிராமல், "உங்கம்மாதான். எங்கம்மா சாகிற வரைக்கும் சொல்லுவாங்க. மேபல் போட்டா, அதனால நான் போட்டேன்னு" என்றான்.

நெட்டி காபியைக் கீழே வைத்தாள். "எங்கம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? ஐடெல்லா க்ரௌலி பேனாவை நீட்டினா, அவ கையெழுத்துல மை கூடக் காயலன்னு சொன்னாங்க. உங்கம்மாதான்டா மொதல்ல."

"எலிகிட்ட மன்னிப்புக் கேட்ட அம்மா, மனுஷியைக் காட்டிக் குடுத்தாங்களாக்கும்."

"வாயக் கழுவுடா. உங்க வீட்டுக்கு மறு வாரமே புது அடுப்பு எப்பிடி வந்துச்சு?"

"அடுப்பு எங்கப்பா வாங்கினது. படகு வித்து வாங்கினது."

"வித்த படகுலயா மறு மாசமும் கடலுக்குப் போனாரு?"

"நெட்டி, கேலன், விடுங்க. கீழேருந்து மேலயா மேலேருந்து கீழயா படிச்சாங்கன்னே எனக்கு ஞாபகம் இல்ல" என்றேன்.

"ஒனக்கு ஞாபகம் இருக்காது. ஒன் பேரும் அதுல இருக்கு" என்றாள் நெட்டி. "ஆர்வில்லா இன்னும் உயிரோடதான இருக்காங்க? வா, போய்த் தாளையே பாத்துடலாம்."

"நீ போய்க் கேளு."

"நீ வா மொதல்ல. பயமா?"

"எனக்கென்னடி பயம்? கதவத் தட்ட வேண்டியது நீ. தபால்காரி நீதான்."

நெட்டி கூட்டு வலை பின்னுகிற ஊசியை எடுத்து அவன் பூட்ஸ்மேல் எறிந்தாள். அவன் எழுந்ததில் மேலே அடுக்கியிருந்த கூடுகள் சரிந்தன. "எங்கம்மாவ இன்னொரு தரம் சொல்லிப் பாரு" என்று அவள் இரைத் தொட்டியின் மூடியைத் தூக்கினாள். "சொல்லுவேன், மொதல்ல போட்டது மேபல் ட்ரண்டி, மேபல் ட்ரண்டி" என்று அவன் கொட்டகை முழுக்கக் கேட்கக் கத்தினான். நான் இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றேன். முதல் கை மத்தி என் காதில்தான் வந்து விழுந்தது.